மஞ்சள் கழுவிய பிறகு

அத்தியாயம் 14

போன வாரம் பத்திரிகை கைக்குக் கிடைக்காதவர்கள், அல்லது பக்கத்து வீட்டார் வாங்கிப் போய்த் திருப்பித் தராதவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எண்பத்தேழாம் வருஷத்து செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்கள் கிடக்கின்றன, பஸ் இல்லை. மறியலுக்குப் போன தங்கதுரையைப் போலீஸ் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்திருக்கிறது. வீட்டில் அவன் மனைவி தங்கமணி ஆண் பிள்ளை பெற்று இது மூன்றாம் நாள். பிள்ளை பால் குடிக்கவில்லை, அழவும் இல்லை, எழுப்ப எழுப்பத் தூங்கியது.

தங்கதுரையின் அக்கா ராஜாம்பாள்தான் துணிந்தாள். மலையடிவாரத்து மேட்டுக்கொட்டாயிலிருந்து தாயையும் பிள்ளையையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, ரோட்டை விட்டு வண்டிப்பாதையிலேயே சுற்றி, விடிகிற நேரத்தில் கள்ளக்குறிச்சியில் டாக்டர் எழில்மதியின் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாள்.

டாக்டர் முதலில் செய்த காரியம் பிள்ளையைக் கழுவியதுதான். உச்சி முதல் உள்ளங்கால் வரை அவ்வளவு மஞ்சள் பூசியிருந்தது. எண்ணெய்ப் பஞ்சால் துடைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார். முதல் பேசின் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. இரண்டாவது லேசான மஞ்சள். மூன்றாவது பேசினில் தண்ணீர் தெளிந்துவிட்டது. பிள்ளை மட்டும் அதே நிறத்தில் இருந்தது.

அந்த இடத்தில்தான் போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

டாக்டர் கட்டைவிரலால் பிள்ளையின் மூக்கை லேசாக அழுத்தி எடுத்தார். பிறகு நெஞ்சை, பிறகு தொடையை. அழுத்தி எடுத்த இடமெல்லாம் மாம்பழத் தோல் போல இருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் ராஜாம்பாள் பக்கம் திரும்பினார்.

"மஞ்சள் எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்து சாயங்காலந்தாங்க டாக்டரம்மா."

"இது எத்தனாவது குழந்தை?"

"ரெண்டாவதுங்க. மூத்தது பொண்ணு, நாலு வயசாவுது. கல்லுகுண்டாட்டம் இருக்குது."

இரண்டு கேள்வி. இரண்டுக்கும் பொய். தங்கமணி பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். காதில் விழுந்திருக்கும். பெரியவள் பேசும்போது சின்னவள் குறுக்கே பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

ராஜாம்பாளைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். எனக்கு அவளைப் பிடிக்கும். வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயதில் அந்த வகையறாவில் பிறந்த பிள்ளைகள் பதினொன்றைக் குளிப்பாட்டியவள். அந்த வீடுகளில் அத்தைக்காரிதான் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அத்தை கையால்தான் மஞ்சள் தேய்க்க வேண்டும்.

அந்தப் பதினொன்றில் ஒன்று தங்கவில்லை. தங்கமணியின் இரண்டாவது பிள்ளை, அதுவும் ஆண். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூன்றாம் நாள் போய்விட்டது. கொல்லைக் கோடியில் புதைத்தார்கள். பேர் வைப்பதற்கு முன் போன பிள்ளையை அவர்கள் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஜனத்தொகை எடுக்க வந்தவர் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். புதுப்பிள்ளை இருக்கிற இடத்தில் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. எடுத்தால் போனது வந்து இதையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பயம். ராஜாம்பாளைப் பொறுத்தவரை அவள் பொய் சொல்லவில்லை, பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் பொய்க்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

பிள்ளை பிறந்த அன்றைக்கே, பொழுது சாயும்போது, தங்கமணி அவளைக் கூப்பிட்டுச் சொன்னாள். பிள்ளை பெற்ற அறையில் ஜன்னல் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணின் வெள்ளை விழியே மஞ்சளாக இருக்கிறது என்றாள். மஞ்சள் தண்ணீர் கண்ணில் பட்டிருக்கும், பொத்திக்கொண்டு படு என்று ராஜாம்பாள் அதட்டினாள். அடுத்த நாள் காலையில் இன்னும் கெட்டியாக மஞ்சள் குழைத்துப் பூசினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே விளக்கு வெளிச்சத்தில், இதே வார்த்தையை அவள் கேட்டிருந்தாள். திரும்பவும் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

டாக்டர் அவள் சொன்னதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். இரண்டாம் நாள் மாலை ஆரம்பித்த மஞ்சள், மூத்த பிள்ளை நல்ல ஆரோக்கியம். பிறந்த பிள்ளைகள் பாதிப் பேருக்கு இப்படி வரும், விளக்கில் போட்டால் இறங்கிவிடும் என்று தங்கமணிக்குத் தைரியம் சொன்னார். ரத்தத்தின் குரூப் பார்க்கிற மருந்து குப்பியில் அடிமட்டத்தில் கிடந்தது. மறியல் முடிகிற வரை புதுக் குப்பி வராது. கைகால் வெட்டுப்பட்டு யாராவது வந்தால் வேண்டுமே என்று அதைத் தொட வேண்டாம் என்றார். குதிகாலில் ஊசியால் குத்தி நாலு சொட்டு ரத்தம் மட்டும் எடுத்து, மஞ்சள் எவ்வளவு என்று பார்க்க லேப்காரர் முனியனிடம் அனுப்பினார்.

விளக்கு என்றால் மரச்சட்டத்தில் மாட்டிய ஆறு டியூப் லைட். அதில் நாலு நீலம். சேலத்திலிருந்து செய்து கொண்டுவந்தது. அதன் கீழே பிள்ளையை அம்மணமாகக் கிடத்தி, கண்ணை மட்டும் கறுப்புத் துணியால் கட்டியிருந்தார்கள்.

ராஜாம்பாள் அந்தக் கண்கட்டையே பார்த்தாள். பார்வை போய்விட்டதா என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று கேட்காமல் நின்றாள். நீல வெளிச்சத்தில் பிள்ளையின் நிறமே தெரியவில்லை. மூச்சு விடுகிறதா என்று வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பாப்பாத்தி தியாகதுருகம் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கேட்காத கேள்விக்கு அவளே பதில் சொன்னாள்.

"வெளிச்சம் கண்ணுல பட்டா கூசும்னு கட்டியிருக்குதுக்கா. பயந்துக்காதீங்க. ஒடம்புல கீற மஞ்சள இந்த வெளிச்சம் கரைச்சி ஒண்ணுக்கு வழியா அனுப்பிடும். இதுக்குக் கீழ படுத்து எழுந்து போன புள்ளைங்க நாப்பது இருக்கும்."

வெளிச்சம் எப்படிக் கரைக்கும் என்று ராஜாம்பாளுக்குப் புரியவில்லை. எனக்கும் இதை எழுதுவதற்காக ஒரு டாக்டரிடம் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. ஆனால் நாற்பது பிள்ளைகள் என்ற கணக்கு அவளுக்குப் புரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று.

எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கும் என்று வெளியில் யாரோ பேசிக்கொண்டார்கள். ஆறு விளக்கும் அணைந்து அறை மங்கலானது. பாப்பாத்தி பிள்ளையைத் துணியில் சுற்றி ராஜாம்பாள் கையில் கொடுத்து, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, ஜெனரேட்டரைக் கிளப்ப ஓடினாள். தங்கமணி அசதியில் தூங்கியிருந்தாள்.

பிள்ளை கையில் துணி மூட்டை மாதிரிக் கிடந்தது. காலை உதைக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினால் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கியது. முன்னால் போனதும் இப்படித்தான் தூங்கியது என்ற நினைப்பு ராஜாம்பாளுக்கு வந்தது. கண்கட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கண் மூடியிருந்தது.

"குப்பா," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "டே குப்பா, கண்ணத் தொறடா. அத்த கூப்புடறேன் பாரு. குப்பா."

பின்கட்டில் ஜெனரேட்டர் இருமி இருமிக் கிளம்பியது. விளக்கு எரிந்தது. பாப்பாத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா பேரு சொல்லிக் கூப்புட்டீங்க?"

"சும்மா. வாய்க்கு வந்தது."

பாப்பாத்தி பிள்ளையை வாங்கி விளக்கின் கீழே கிடத்தினாள். கண்கட்டைச் சரி செய்தாள். பிறகு வந்து ராஜாம்பாளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எங்க பெரியண்ணன் பேரும் குப்பன்தான்க்கா. அதுக்கு முன்னால ரெண்டு தங்கல. அதனால அத குப்பமேட்ல போட்டு எடுத்துக்கினு வந்து அந்தப் பேரு வெச்சாங்களாம். இந்தப் பக்கத்துல யாரும் சும்மா அந்தப் பேரு வெக்க மாட்டாங்க."

ராஜாம்பாள் தரையைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா எத்தனாவதுன்னு கேட்டது பேச்சுக்குக் கேட்டதில்லக்கா. அத வெச்சித்தான் வைத்தியம். முன்னால எதுனா போயிருக்குதா?"

அந்த நேரம் பார்த்து முனியன் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். காலையில் மஞ்சள் பதினாலு இருந்தது, இரண்டாம் தடவை எடுத்ததில் பதினாறு என்றார். விளக்கில் போட்ட பிறகு இறங்க வேண்டியது ஏறியிருக்கிறது. பாப்பாத்தி சீட்டையும் ராஜாம்பாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ராஜாம்பாள் எழுந்தாள்.

"இங்க வேணாம். டாக்டரம்மாவ வெளிய கூட்டிக்கினு வா."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அடிபம்பு இருந்தது. கொடியில் துவைத்த போர்வைகள் காய்ந்தன. ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் என்ன பேசினாலும் உள்ளே கேட்காது. அப்படியும் ராஜாம்பாள் போர்வைகளுக்கு அந்தப் பக்கம் டாக்டரை அழைத்துக்கொண்டு போய், பிள்ளை இருந்த அறைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் வாயைத் திறந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்று பிறந்தது, மூன்றாம் நாள் போயிற்று என்றாள். அதுவும் மஞ்சளாகத்தான் இருந்தது, தோஷம் என்று சொன்னார்கள் என்றாள். மூத்த பெண் பிறந்தபோது எந்தத் தொந்தரவும் இல்லை. எல்லாம் வீட்டுப் பிரசவம்.

"இந்தக் குழந்தைக்கு எப்ப ஆரம்பிச்சுது? நெஜமா சொல்லுங்க."

"மொத நாளே. பொழுது சாயறப்போ. தங்கமணி சொன்னா. நாந்தான் மஞ்சத் தண்ணின்னு சொல்லி வாய அடச்சிட்டேன்." இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். "எங்கையி ஆவாத கையிங்க டாக்டரம்மா. ரெண்டு புள்ளையயும் நாந்தான் குளுப்பாட்னேன்."

டாக்டர் எழில்மதி திட்டவில்லை. முதலில் வேகமாக நடந்தார், படியேறும்போது ஓடினார். டாக்டர் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் ராஜாம்பாளுக்கு நிஜமான பயம் பிடித்தது. அதுவரை பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது.

அடிமட்டத்தில் கிடந்த குப்பியை முனியன் எடுத்தார். ஒரு கண்ணாடித் துண்டில் தங்கமணியின் ரத்தத் துளி, இன்னொன்றில் பிள்ளையின் துளி. இரண்டிலும் மருந்தைக் கலந்து மெல்ல ஆட்டினார். பால் திரிகிற மாதிரித் துளி திரிந்துபோனால் பாசிட்டிவ், திரியாமல் அப்படியே கிடந்தால் நெகட்டிவ். இரண்டு நிமிஷம் ஆட்ட வேண்டும். தாயின் துளி திரியவில்லை. பிள்ளையின் துளி பொட்டுப் பொட்டாகத் திரிந்தது.

டாக்டர் தங்கமணியின் கட்டிலில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் புரிகிற மாதிரிச் சொன்னார். தாய்க்கு ஒரு வகை ரத்தம், பிள்ளைக்கு அப்பனைப் போல வேறு வகை. முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அது பிறக்கும்போது அதன் ரத்தம் கொஞ்சம் தாய்க்குள் கலந்துவிடும். தாயின் உடம்பு அதை அன்னியம் என்று நினைத்து எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். அடுத்தடுத்த பிள்ளைகளின் ரத்தத்தை வயிற்றிலேயே உடைக்கத் தொடங்கும். உடைந்த ரத்தம்தான் அந்த மஞ்சள். முதல் பிரசவம் முடிந்து மூன்று நாளைக்குள் ஒரு ஊசி போட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது.

"அப்போ என் ரத்தந்தானா?" என்று தங்கமணி கேட்டாள்.

"உன் தப்பு ஒண்ணும் கெடையாதும்மா. உயரம், நெறம் மாதிரி பொறக்கறப்பவே வர்றது." டாக்டர் ராஜாம்பாளை நிமிர்ந்து பார்த்தார். "உங்க கையும் காரணம் இல்ல. மஞ்சள் குழந்தைய ஒண்ணும் பண்ணல. வியாதிய மறைச்சுது, அவ்வளவுதான். நீங்க காலைல சொல்லியிருந்தா எனக்கு அஞ்சு மணி நேரம் கெடச்சிருக்கும்."

அந்த ஐந்து மணி நேரத்தை ராஜாம்பாள் இந்தக் கதை முடிகிற வரை மறக்கப் போவதில்லை.

விளக்கு மட்டும் இனிப் போதாது. இருபதைத் தாண்டினால் மஞ்சள் மூளைக்கு ஏறிவிடும், ஏறினால் பிழைத்தாலும் பிள்ளை பிள்ளையாக இருக்காது. கொப்பூழ்க்கொடி இன்னும் காயவில்லை. அதன் வழியாக மெல்லிய குழாய் விட்டு, கெட்ட ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, நல்ல ரத்தத்தைக் கொஞ்சம் விட்டு, இப்படியே மாற்றி மாற்றி உடம்பிலுள்ள ரத்தம் முழுவதையும் மாற்ற வேண்டும். புதுச்சேரியில் படித்தபோது டாக்டர் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறார். ரத்தம்தான் வேண்டும். ஓ நெகட்டிவ். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இருந்தால் அதிகம். சேலத்திலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ இன்றைக்கு ஒரு பாட்டில்கூட வர முடியாது.

"கூடப் பொறந்தவங்களுக்கு இருக்க வாய்ப்பு ஜாஸ்தி," என்றார் டாக்டர். "உனக்கு அண்ணன் தம்பி யாராவது இருக்காங்களா?"

தங்கமணி ராஜாம்பாள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"எங்கண்ணன் மல மேல கீது. நீங்கதான் கூப்புடணும் அண்ணி."

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு இருசப்பனைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்தப் பேர் வைக்காத பிள்ளை பிறந்த இரண்டாம் நாள், தாய்மாமன் இருசப்பன் ஆசையாகப் பார்க்க வந்தான். வருகிற வழியில் ஒரு சாவு வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வந்தது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் பிள்ளை போயிற்று. கொல்லையில் குழி மூடிவிட்டு வந்தவனை ராஜாம்பாள் ஊர் முன்னால் வாசலில் நிறுத்தி, உன் கால் பட்டுத்தான் பிள்ளை போச்சு, இனி இந்த வாசல் மிதிக்காதே என்றாள். அவன் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. மலைமேல் கரியாலூருக்குப் போய் ஒரு டீக்கடை போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு மலையை விட்டு இறங்கவில்லை.

டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பாப்பாத்தியும் ராஜாம்பாளும் வெயிலில் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். கடைகள் சாத்தியிருந்தன. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. தம்பியைப் பிடித்து வைத்திருக்கிறவர்களிடமே போய் நிற்கிறோமே என்று ராஜாம்பாளுக்கு வழியெல்லாம் கூச்சமாக இருந்தது. ஸ்டேஷனில் ஒயர்லெஸ் முன்னால் உட்கார்ந்திருந்த ஏட்டு மூன்று நாளாகத் தூங்காதவர். கடிதத்தைப் படித்துவிட்டு, கரியாலூரில் சொல்லி ஆளைத் தேடச் சொல்கிறேன், சொல்ல வேண்டியதை ஒரே வரியில் சொல் என்றார்.

தங்கமணி பிள்ளைக்கு ரத்தம் வேண்டும், இருசப்பன் உடனே கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும் என்று பாப்பாத்தி சொன்னாள். ஏட்டு எழுதிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க," என்றாள் ராஜாம்பாள்.

"சொல்லும்மா. சீக்கிரம்."

அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அப்போ போன புள்ள உன் காலு பட்டுப் போவல. ரத்தம் சேராமப் போச்சி. நான் சொன்னது தப்பு. ராஜாம்பா சொன்னான்னு அப்டியே சொல்லுங்க."

ஏட்டு பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். மூன்று நாளாக அந்தக் கருவியில் மரம், கூட்டம், கைது தவிர வேறு எதுவும் போகவில்லை. பிறகு எழுதியதை ஒரு எழுத்து விடாமல், நிறுத்தி நிறுத்திப் படித்தார். சின்னசேலம், தியாகதுருகம் என்று அந்த நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். ஊர் முன்னால் சொன்ன வார்த்தையை அவள் ஊர் முன்னாலேயே திருப்பி எடுத்துக்கொண்டாள். அவமானமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அவன் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர அவள் மனதில் வேறு இடமே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஆள் கிடைத்துவிட்டான், சைக்கிளில் இறங்கிக்கொண்டிருக்கிறான். கூட ஒரு வரி. ஏட்டு அதைச் சிரிக்காமல் படித்துக் காட்டினார்.

"அந்த அக்கா வாசல்ல நின்னு கூப்புட்டா உள்ள வரேன்."

நாலு மணிக்கு முனியன் கொண்டுவந்த சீட்டில் பதினெட்டரை.

டாக்டர் குழாயையும் ஊசிகளையும் கொதிக்க வைத்துத் தயாராக எடுத்து வைத்துவிட்டார். பிள்ளை ஒரு தடவை வீலென்று அழுதது. அந்த அழுகை பிள்ளை அழுகிற மாதிரி இல்லை, மெல்லிசாகக் கீச்சென்று இருந்தது. டாக்டரின் முகம் மாறியதை ராஜாம்பாள் பார்த்துவிட்டாள். அதற்குமேல் உள்ளே நிற்க முடியாமல் வாசலுக்கு வந்தாள்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாப்பாத்தி டீ கொண்டுவந்தாள், அது ஆறிப் போயிற்று. உள்ளே போய்ப் பிள்ளையை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பாள். அந்த நேரம் பார்த்து அவன் வந்துவிட்டால், வாசலில் யாரும் இல்லை என்று திரும்பிவிட்டால் என்று தோன்றும். ஒண்ணுக்குப் போகக்கூட நகரவில்லை. மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால், வழியில் யாராவது மறித்தால், மரத்தைத் தாண்டும்போது விழுந்தால். இரண்டு வருஷமாக அவன் செத்தானா இருக்கிறானா என்று கேட்காதவள் அன்றைக்கு அவனுக்காக எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள்.

ஐந்தரைக்குத் தெருக்கோடியில் சைக்கிள் வந்தது. அவன் ஓட்டிக்கொண்டு வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தான். முன்சக்கரம் கோணியிருந்தது. விழுந்திருக்கிறான். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் உறைந்திருந்தது. அதைப் பார்த்து ராஜாம்பாளுக்குப் பகீரென்றது. அந்த ரத்தம் சிந்தலாமா என்றுதான் அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது. இதை அவள் பின்னால் யாரிடமும் சொல்லவில்லை.

இருசப்பன் கேட்டுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றான். மூச்சு வாங்கியது. அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் ஹாண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாப்பா இருசப்பா," என்றாள் ராஜாம்பாள். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னாள். "உள்ள வா. உன் மருமவன் உள்ள கீறான்."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் வந்தான். செருப்பை வெளியில் விட்டுவிட்டு, வாசல்படி ஏறுவதற்கு முன் ஒரு கணம் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராஜாம்பாள் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

முனியன் அவன் விரல் நுனியில் குத்தினார். முதல் கண்ணாடித் துண்டில் ஓ என்று உடனே தெரிந்துவிட்டது. பாதி தாண்டியாகிவிட்டது என்று பாப்பாத்தி சொன்னாள். நெகட்டிவா என்று பார்க்க, இரண்டாவது துண்டுக்கு முனியன் குப்பியைக் கவிழ்த்தார். கடைசித் துளி கழுத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. விரலால் தட்டினார், விழுந்தது. அடுத்த துளி குப்பியில் இல்லை. துண்டைக் கையில் எடுத்து மெல்ல ஆட்ட ஆரம்பித்தார். திரிந்துவிட்டால் இவ்வளவு தூரம் வந்ததும் வீண். இரண்டு நிமிஷம்.

இருசப்பன் சட்டைக் கையை மேலே சுருட்டியபடி, அடுத்த அறையில் விளக்கின் கீழே கிடந்த பிள்ளையைக் கதவோரம் நின்று பார்த்தான். பக்கத்தில் போகவில்லை. தங்கமணி அண்ணனைப் பார்த்தாள்.

ரத்தம் மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்து வேண்டும் என்று டாக்டர் கேட்டார். தகப்பன் மண்டபத்தில் இருந்ததால் தாய் போட்டால் போதும் என்றார். பாப்பாத்தி காலையில் டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்துத் தாளை நிரப்பினாள். தங்கமணியின் ஆண் குழந்தை, வயது மூன்று நாள் என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினாள். அடுத்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. சீட்டில் இரண்டாவது பிரசவம் என்று இருந்தது.

பாப்பாத்தி ராஜாம்பாளைப் பார்த்தாள். இந்தத் தடவை வெளியே கூட்டிக்கொண்டு போக நேரம் இல்லை. பிள்ளை இரண்டடி தள்ளிக் கண் கட்டிக் கிடந்தது.

ராஜாம்பாள் விளக்கின் பக்கத்தில் போய் நின்றாள். நீல வெளிச்சம் அவள் கையில் விழுந்தது. பிள்ளையின் உள்ளங்காலில் ஒரு விரலை வைத்துக்கொண்டாள்.

"அத அடிச்சிட்டு மூணாவதுன்னு எழுது," என்றாள்.

குரலைத் தணிக்கவில்லை. பிள்ளைக்குக் கேட்கும்படிதான் சொன்னாள். தங்கமணி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவளுக்கு அந்தக் கணக்கைக் கொடுத்ததில்லை. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், இருசப்பன் கதவை விட்டு உள்ளே வந்து அவள் தலைமேல் கை வைத்தான்.

லேப்பில் முனியன் கண்ணாடித் துண்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு அதைத் தூக்கிப் பிடித்தார்.

(தொடரும்)